காற்றில் போகாத பெயர்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷர்மிளா சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு என் ஹெட்போனில் இப்போதே கேட்டுவிடுகிறது, மேஜைமேல் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் ஏழு நொடி கழித்து இன்னொரு தடவை கேட்கும், ஊர் கேட்பது அந்த இரண்டாவது சிரிப்பைத்தான், முதல் சிரிப்பு எனக்கு. இந்த நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான், எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்கிறேன், யாரோ சிரிப்பதை, யாரோ கல்யாண நாளுக்குப் பாட்டுக் கேட்பதை, யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒன்றுமில்லைங்க என்பதை. நடுவில் இருக்கும் அந்த ஏழு நொடிதான் என் உத்தியோகம். அதற்குள் தப்பாக ஏதாவது வந்தால் விழுங்கிவிட ஒரு சிவப்புப் பட்டன் இருக்கிறது, அழுத்தினால் கடைசி ஏழு நொடியில் பேசியதெல்லாம் போய்விடும், ரேடியோ கேட்கிறவர்களுக்குப் பேச்சு லேசாகத் தடுக்கின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு தடவைதான் அழுத்தலாம். அழுத்திவிட்டால் இடைவெளி காலி, அது மறுபடி நிரம்ப ஒரு பாட்டாவது ஓட வேண்டும், அதனால் அழுத்தியவுடன் லைனைத் துண்டித்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவோம். யார் பெயரையும் குறை சொல்லி வரக்கூடாது, சாதி வரக்கூடாது, கட்சி வரக்கூடாது, விளம்பரம் கொடுக்கிறவர்கள் பெயர் கெட்ட விதத்தில் வரவே கூடாது என்று கோதண்டபாணி சார் முதல் நாளே சொன்னார், அவர்தான் எங்கள் ஸ்டேஷனுக்கு எல்லாம். சொல்லிவிட்டு, சந்தேகம் வந்தா அழுத்திடும்மா, அழுத்துனதுக்கு யாரும் கேஸ் போட மாட்டான் என்றார். அது உண்மைதான். அழுத்தினதற்காக இதுவரை என்னை யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

உங்க வீட்ல யாரு ரொம்பப் பேசுவாங்க, இதுதான் இன்றைக்கு மத்தியான நிகழ்ச்சியின் கேள்வி. ஆரப்பாளையத்துக்காரர் ஒருவர் தன் மனைவியைச் சொன்னார், பின்னாலிருந்து மனைவியே குரல் கொடுத்தாள், ஷர்மிளா இருவரையும் பேசவிட்டுச் சிரித்தாள். அடுத்து ஒரு காலேஜ் பையன், அவன் வீட்டில் கிளி. என் வீட்டில் யார் என்று என்னை யாராவது கேட்டால் என்ன சொல்வேன். சனிக்கிழமை சாயங்காலம் மாடிப்படி ஏறிக் கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்வரை வாய் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது, திங்கட்கிழமை முதல் வார்த்தை கரகரவென்றுதான் வரும், கண்டக்டர் எங்கம்மா எங்கம்மா என்று இரண்டு தடவை கேட்பான். விருதுநகரில் இருந்தபோது அப்படியில்லை. அங்கே தினமும் சாயங்காலம் கேள்வி இருந்தது. இன்னைக்கு யாருகூடப் பேசுன. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே என் வீட்டுக்காரர் கேட்பார், குரலை உயர்த்த மாட்டார், என் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்பார், அவர் கையில் என் போன் இருக்கும்போது அதன் வெளிச்சம் அவர் மூக்குமேல் விழும், நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். எதிர்வீட்டு அக்காவோடு பேசினேன் என்றால் என்ன பேசினீர்கள், புளி கேட்டாள் என்றால் புளிக்கு இவ்வளவு நேரமா. கடைசியில் யாரோடும் பேசாமல் இருப்பது சுலபம் என்று ஆகிவிட்டது, கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், ஏன் ஊமை மாதிரி இருக்க என்று அதற்கும் கேள்வி. ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி மதுரைக்கு வந்துவிட்டேன், யாரும் துரத்திக்கொண்டு வரவில்லை. இப்போது யாருகூடப் பேசுன என்று கேட்க ஆளில்லை. பேசினால் கேட்கவும் ஆளில்லை. அதற்கும் இதற்கும் தமிழில் ஒரே வார்த்தைதான் இருக்கிறது, கேட்க.

ஷர்மிளா பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணாடி வழியாகத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டுகிறாள், வேணுமாக்கா என்று. வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன். நல்ல பெண், என்னைவிடப் பாதி வயது, பெரிய குரல், என்னோடு அவள் பேசியதில் முக்கால்வாசி இந்தக் கண்ணாடி வழியாகச் சைகைதான். ஏசி என் பிடரியில் அடிக்கிறது. பட்டன்மேல் வைத்த விரல் குளிர்ந்துபோயிருக்கிறது, கையை எடுத்துத் தொடையில் தேய்த்துக்கொண்டு மறுபடி வைக்கிறேன். போன வருஷம் ஒரு ஆள் கூப்பிட்டான், தங்கச்சி மகளுக்குப் பாட்டு வேண்டும் என்றான், பாசமாகத்தான் ஆரம்பித்தான், திடீரென்று அந்தப் பெண் ஒருவனோடு ஓடிப்போய்விட்டாள் என்றும், இன்ன தெருவில் இன்ன வீட்டு மாடியில் அவனோடு இருக்கிறாளென்று தகவல் வந்துவிட்டது, சொந்தக்காரர்களெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டான். அழுத்தினேன். அந்தத் தெருப் பெயர் ஊருக்குப் போகவில்லை. அன்றைக்கு ஸ்பீக்கரில் அந்த இடம் தடுக்கிப் போய்ப் பாட்டு வந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆற்று மணலைப் பற்றிப் பேசிய பெரியவர் ஒருவரையும் இதே விரலால்தான் அழுத்தினேன். லாரிக்காரர் பெயரை அவர் நிதானமாக இனிஷியலோடு சொன்னார். பாட்டு ஓட ஆரம்பித்த பிறகும் என் ஹெட்போனில் பேசிக்கொண்டேதான் இருந்தார், கிணறு வற்றியது, கலெக்டர் ஆபீஸில் உட்காரவைத்தது, எல்லாவற்றையும் ஒழுங்காக, நான்தான் லைனைத் துண்டிக்க மறந்து, மறந்தா, தெரியவில்லை, கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றிங்க என்று சொல்லி வைத்தார். அந்தப் பெண்ணைக் காப்பாற்றியதும் இவர் வாயை மூடியதும் ஒரே பட்டன், அதற்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்த அழைப்பு. பின்னால் ஒரே இரைச்சல், யாரோ தக்காளி கூவுகிறார்கள், பஸ் ஹாரன், ஏதோ வாரச்சந்தை. சின்னப் பெண் குரல், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

"வணக்கம், யாரு பேசுறீங்க?"

"பேரு வேணாங்க்கா."

"ஏம்மா, பேரு சொன்னா வீட்ல திட்டுவாங்களா?"

"வீட்ல இல்லக்கா. மில்லு ஹாஸ்டல்ல இருக்கேன்."

"சரி, ஒங்க ஹாஸ்டல்ல யாரு ரொம்பப் பேசுவா?"

"காளீஸ்வரிதான்க்கா. லைட்ட அணைச்ச பெறகும் பேசிக்கிட்டே இருப்பா, வார்டன் வந்து கதவத் தட்டுவாக. இப்பப் பேச மாட்டேங்குறா."

ஷர்மிளா இன்னும் சிரித்த முகத்தோடு இருக்கிறாள், ஏன், கோவமா என்கிறாள். எனக்கு அந்தப் பேச மாட்டேங்குறாவிலேயே புரிந்துவிட்டது, இவ்வளவு காலம் கேட்டுக்கேட்டு, அழப்போகிறவர்களின் மூச்சு அழுகைக்கு முன்னால் எப்படி மாறும் என்பது எனக்குத் தெரியும். கை மிசின்ல மாட்டிக்கிருச்சுக்கா என்கிறாள் அந்தப் பெண். துணியச் சுத்திப் படுக்க வச்சிருக்காக. காய்ச்சல் அனலாக் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல, வெளிய தெரிஞ்சிருமின்னு. எல்லார் போனையும் வாங்கி வச்சிக்கிட்டாக. அவுக அப்பா டீக்கடையில ஒங்க ரேடியோதான் கேப்பாருன்னு சொல்லிருக்கா, அதான் கூப்புட்டேன். இந்த இடத்தில் ஷர்மிளாவின் முகத்திலிருந்து சிரிப்பு போகிறது, அவள் என்னைப் பார்க்கிறாள், அந்தப் பெண் அவளிடம் பேசுவதை விட்டுவிட்டு நேரே அந்த அப்பாவிடம் பேச ஆரம்பிக்கிறாள், பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்கிற மாதிரி. மேலப்பொட்டல்பட்டி சோலைமுத்து மாமா, ஒங்க மக காளீஸ்வரிக்குக் கையில அடிபட்டுருச்சு, பொன்மாரி மில்லு, பின்னாடி ஹாஸ்டல்ல கீழ் ரூம்புல கெடக்கா, வந்து கூட்டிட்டுப் போங்க.

பொன்மாரி மில். காலையில் அவர்கள் வேட்டி விளம்பரம் இதே மேஜையிலிருந்துதான் போனது. விரல் பட்டன்மேல் இருக்கிறது, அழுத்த வேண்டிய இடம் இதுதான், இதைவிடத் தெளிவாக ஒரு இடம் எனக்கு வந்ததே இல்லை, ஒரு ஆளின் பெயர், ஊர் பெயர், மில் பெயர், எல்லாம் ஒரே மூச்சில். அழுத்தினால் சோலைமுத்துவும் சேர்ந்து போவார். மில்லை மட்டும் எடுத்துவிட்டு அப்பாவை விட்டுவைக்க இந்தப் பட்டனுக்குத் தெரியாது. இது பொய்யாக இருந்தால், யாரோ விளையாடுகிற பிள்ளையாக இருந்தால், வேலையை விட்டு நிறுத்தின கோபத்தில் பேசுகிறவளாக இருந்தால். மில்காரர்களுக்கும் பெண் பிள்ளைகள் இருக்கும், அவர்களுக்கும் பதில் சொல்ல இடம் வேண்டும்தானே, கேட்காமல் ஒரு பெயரை ஊர் வாயில் போடுவது சரியா. ஆனால் காய்ச்சல் அனலாகக் கொதிக்கிறது என்றாள், அது யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை, நெற்றியில் கை வைத்துப் பார்த்தவள் சொல்கிற வார்த்தை. என் நெற்றியில் கடைசியாக யார் கை வைத்தார்கள், இது என்ன யோசனை இப்போது, விரல், விரலைப் பார். விரல் அழுத்தவில்லை. அழுத்தக்கூடாது என்று நான் முடிவெடுத்தேனா என்று தெரியாது, அது அழுத்தவில்லை. எல்லார் போனையும் வாங்கி வச்சிக்கிட்டாக என்கிறது ஸ்பீக்கர் இப்போதுதான், யார் அப்பா, எந்த மில் என்று ஊருக்கு இன்னும் தெரியாது, டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

"அம்மா, ஒரு நிமிஷம், இருங்க, நீங்க..." என்றாள் ஷர்மிளா.

"சீக்கிரம் வரச்சொல்லுங்கக்கா. அவரு நம்பலேன்னா, நாஞ்சொன்னேன்னு சொல்லுங்க, என்னையத் தெரியும் அவருக்கு" என்று சொல்லி, அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லிவிட்டாள். அப்பா பெயரோடு, ஊரோடு சொன்னாள்.

ஐயோ பிள்ளை. பேரு வேண்டாம் என்றுதானே ஆரம்பித்தாய். ஹெட்போனில் லைன் இரைகிறது, யாரோ அவளைக் கூப்பிடுகிறார்கள், வண்டி கிளம்புதுடி என்று ஒரு குரல், லைன் போய்விட்டது. அவள் போய்விட்டாள், அவள் பெயர் இங்கே என்னிடம் இருக்கிறது, ஏழு நொடிக்குள் அதுவும் கிளம்பிப் போய் மில் மேனேஜர் கார் ரேடியோவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இப்போதே அழுத்தினால் அவள் பெயரோடு ஹாஸ்டலும் கீழ் ரூமும் போகும், எங்கே போய்த் தேடுவார் அந்த மனிதர். பொறுத்து அழுத்த வேண்டும். பொறுக்க வேண்டும், ஸ்பீக்கரைக் கேள், காதை ஸ்பீக்கருக்குக் கொடு, ஹெட்போனை இழுத்துக் கழுத்தில் விடுகிறேன், ஸ்பீக்கரில் இப்போதுதான் மேலப்பொட்டல்பட்டி என்கிறாள், சோலைமுத்து மாமா என்கிறாள், என்ன நிதானமாகப் பேசுகிறாள், எனக்கு இது ஏன் முதல் தடவை இவ்வளவு வேகமாகக் கேட்டது, விருதுநகரில் அவர் சட்டையைக் கழற்றும்போது பட்டன் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நேரம் ஆகும், யாருகூடப் பேசுன, இன்றைக்கு ராத்திரி அந்த ஹாஸ்டலில் யாராவது கதவருகில் நின்று இதைத்தான் கேட்பார்கள், யாருடி போன் பேசுனது, வரிசையாக நிற்கவைத்துக் கேட்பார்கள், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று இருந்தால் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், ஒரு பெயர் இருந்தால் முடிந்தது, பொன்மாரி மில்லு என்கிறது ஸ்பீக்கர், பின்னாடி ஹாஸ்டல்ல, போ, சீக்கிரம் போ, கீழ் ரூம்புல கெடக்கா, விரல் தானாக அழுந்திவிடக் கூடாது, வந்து கூட்டிட்டுப் போங்க, அம்மா ஒரு நிமிஷம் இருங்க நீங்க, இதுதான், இப்போது.

அழுத்தினேன்.

ஸ்பீக்கர் தடுக்கிற்று. நான் பாட்டை ஏற்றினேன், எந்தப் பாட்டு என்று பார்க்கவில்லை, நாதஸ்வரம் வந்தது. ஷர்மிளா மைக்கை மூடிவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

கோதண்டபாணி சார் மாடியிலிருந்து ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார், அதுதான் பயமாக இருந்தது. கையில் போன் இருந்தது, யாரோ பேசிக்கொண்டிருக்க, அதைக் கீழே தாழ்த்திப் பிடித்திருந்தார்.

"கை எங்க இருந்துச்சு புஷ்பம்?"

"பட்டன் மேலதான் சார்."

"அப்பறம் ஏன் அழுத்தல?"

"அழுத்துனேன் சார்."

"மில்லு பேரு போயிருச்சு, ஊரு பேரு போயிருச்சு, அடிபட்ட பொண்ணு பேரு போயிருச்சு. அப்பறம் எதத்தான் வெட்டுன?"

"ஒரு பேரை."

"யார் பேரை?"

பழைய குளிர் முதுகில் ஏறுகிறது, பதில் சொல்லி முடித்துவிட்டால் போதும் என்கிற அந்தக் குளிர். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலேயும் ஆள் உண்டு, அந்தப் போனுக்குள் இன்னும் யாரோ கத்திக்கொண்டிருக்கிறார்கள். அவ சொன்னது நெசமுன்னு ஒனக்கு எப்படித் தெரியும், பொய்யா இருந்தா நாளைக்கு நம்ம எல்லாருக்கும் வேலை இருக்காதே என்றார். தெரியாது சார் என்றேன், அது உண்மை, எனக்குத் தெரியாது. நீயாவது சொல்லு, என்ன பேரு என்று ஷர்மிளாவைப் பார்த்தார். நான் அப்ப இடையில பேசிக்கிட்டிருந்தேன் சார், எனக்குச் சரியாக் கேட்கல என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது. திரையில் இருந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தார்கள், ஒரு வளையல்கடைக்காரம்மா எடுத்து, நெறையப் பிள்ளைக வேன்ல வந்துச்சுக, ஒண்ணு போனக் கேட்டுச்சு, எதுன்னு என்னத்தக் கண்டேன் என்றாள். சார் என்னிடம், வீட்டுக்குப் போங்க, சொல்லிவிடுறப்ப வந்தாப் போதும் என்றார். நீயிலிருந்து நீங்களுக்குப் போனதில் எனக்குப் புரிந்துவிட்டது.

பையை எடுத்துக்கொண்டு ரிசப்ஷனைத் தாண்டும்போது அங்கிருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது, அந்த நாற்காலியில் யாரும் இல்லை. எடுத்தேன். ஒரு ஆள் மூச்சிரைக்கப் பேசினார், டீக்கடையிலிருந்து பேசுறேன், இப்ப ஒரு பிள்ளை பேசுச்சுல்ல, அது எங்க ஊருதான், சோலைமுத்தைக் காட்டுலருந்து கூட்டியாந்துட்டோம், அத இன்னொரு வாட்டி போடுங்க, காதால கேக்காம நம்ப மாட்டேங்குறாரு. திருப்பிப் போட முடியாதுங்க என்றேன். பிறகு, அவர்கிட்டக் குடுங்க என்றேன். அந்தப் பக்கம் போன் கைமாறுகிற சத்தம். நான் சொன்னேன். அவள் சொன்ன மாதிரியே, அவள் வார்த்தையாலேயே சொன்னேன், மாமா என்பதை மட்டும் விட்டுவிட்டேன், கை, துணி, காய்ச்சல், பொன்மாரி மில், பின்னாடி ஹாஸ்டல், கீழ் ரூம், வந்து கூட்டிட்டுப் போங்க. என் குரல் அந்தக் காலி ரிசப்ஷனில் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. ஏழு நொடி காத்திருக்காமல் நேராக அவர் காதில் போய் விழுந்தது. யாரு தாயி சொன்னது, அந்தப் பிள்ளை யாரு என்றார். அது சொல்லலைங்க என்றேன். என் செல் நம்பரைக் கொடுத்தேன்.

சாயங்காலம் அரிசியைக் களைந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது. டீக்கடைக்காரர்தான். பெரியாஸ்பத்திரியில இருக்கோம்மா என்றார். அப்படி யாரும் இங்க இல்லன்னாங்க மொதல்ல, கீழ் ரூமுன்னு நாங்களே சொன்னோம், அதுக்கப்பறம் வாட்ச்மேனு கேட்டைத் தெறந்தாரு. ஊரே வாசல்ல நின்னுச்சு. ரெண்டு விரலு தேறாதுங்குறாங்க, உசுருக்கு ஒண்ணுமில்ல, சோலைமுத்து உள்ள இருக்காரு, ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. நான் சரிங்க, சரிங்க என்றேன், கழுவின தண்ணீர் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வைக்கப்போனவரை நிறுத்தி, மத்தப் பிள்ளைகள்லாம் எப்படி இருக்காங்க என்று கேட்டேன்.

"அது தெரியலம்மா, நாங்க வெளிய வந்ததும் கேட்டைச் சாத்திட்டாங்க. யாரையாச்சும் குறிப்பாக் கேக்குறீங்களா?"

நாக்கில் வந்து நிற்கிறது. சொன்னால் இவர் நாளைக்கே போய் விசாரித்துவிடுவார், நல்ல மனிதர், கேட்டுக்கு முன்னால் நின்று அந்தப் பெயரை உரக்கச் சொல்லிக் கேட்பார். ஊரில் நாலு பேரிடமும் சொல்வார், பெருமையாகச் சொல்வார். அவள் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிறாளா, சாப்பிட்டாளா, பக்கத்துப் பாய் காலியாகக் கிடக்கிறதா, அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் அவளைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

"இல்லைங்க," என்றேன். "சும்மாதான் கேட்டேன்."

போனை வைத்துவிட்டு அரிசியை அடுப்பில் ஏற்றினேன். கீழே தெருவில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம். நாளைக்குப் போக இடமில்லை, திங்கட்கிழமைக்கும் இல்லை. ஜன்னலைச் சாத்தினேன், கதவு சாத்தித்தான் இருந்தது, இருந்தாலும் ஒரு தடவை பார்த்தேன். பிறகு சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அந்தப் பெயரை வாய்விட்டு, மெதுவாக, ஒரே ஒரு தடவை சொன்னேன்.